வாங்காத கடனுக்கு வரும் அழைப்பு

சேலம் ஜங்ஷனில் இறங்கி சூரமங்கலம் மெயின் ரோட்டில் நடப்பவர்கள் கடைப் பலகைகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஹார்டுவேர், டயர், பெயின்ட், மளிகை மொத்த வியாபாரம் என்று பல பலகைகளில் கடையின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு 15 இலக்க எண் இருக்கும். 33 என்று தொடங்கும் அந்த எண்தான் கடையின் ஜிஎஸ்டி எண். வாசல் பெயர்ப்பலகையில் அதை எழுதி வைக்கச் சொல்வது மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 18-வது விதி. முதலில் வரும் 33 தமிழ்நாட்டின் குறியீடு. அடுத்த பத்து இடங்களில் இருப்பது, கடை தனி ஒருவருடையதாக இருந்தால், அவருடைய பான் எண். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

இன்று இந்தியாவில் ஒருவர் பெயரில் கடன் எழுதுவதற்கு முதலில் கேட்கப்படும் எண் பான். அது கடை வாசலில் தொங்குகிறது, ஒவ்வொரு பில்லிலும் அச்சாகி வாடிக்கையாளரின் சட்டைப் பையில் போகிறது. கடைக்காரர்மேல் தவறு எதுவும் இல்லை, அவர் சட்டப்படிதான் நடக்கிறார். ஆனால் அந்தப் பத்து இலக்கங்களை வைத்து என்ன செய்ய முடியும் என்பது 2023 மார்ச்சில் தில்லியில் தெரிந்தது.

தில்லியின் ஷாதரா போலீஸார் அப்போது ஐந்து பேரைக் கைது செய்தார்கள். மகேந்திர சிங் தோனி, அபிஷேக் பச்சன், மாதுரி தீட்சித், ஷில்பா ஷெட்டி, இம்ரான் ஹாஷ்மி ஆகியோர் பெயர்களில் புனே நிறுவனம் ஒன்றிடம் கிரெடிட் கார்டு வாங்கியதாக அவர்கள்மேல் புகார். பிரபலங்களின் ஜிஎஸ்டி எண்களை இணையத்தில் எடுத்து, அதற்குள் இருந்த பான் எண்ணைப் பிரித்தார்கள். பிறந்த தேதியைக் கூகுளில் தேடி எடுத்தார்கள். பான் கார்டைப் போலியாக அச்சிட்டு, அதில் நடிகரின் படத்துக்குப் பதிலாகத் தங்கள் படத்தையே ஒட்டினார்கள். வீடியோ சரிபார்ப்பில் முகமும் அட்டையும் ஒத்துப்போயின. கம்ப்யூட்டர் சந்தேகப்படுவதற்குள் 21.32 லட்சம் ரூபாய் போய்விட்டது.

நாடே முகம் அறிந்த மனிதர்களின் பெயரில் இது நடந்தது. சூரமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் முகம் எந்த வீடியோ அதிகாரிக்குத் தெரியும்?

பிறந்த தேதிக்காவது கொஞ்சம் மெனக்கெட வேண்டாமா என்று கேட்கலாம். தேவையில்லை. முச்சந்தியில் கட்டும் பிறந்தநாள் பிளெக்ஸில் தேதி இருக்கிறது. கல்யாணத் தரகரிடம் கொடுத்த ஜாதகத்தில் தேதி, நேரம், ஊர் எல்லாம் இருக்கின்றன. அந்த ஜாதகம் வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறியது என்பதற்குக் கணக்கே கிடையாது. சிம் வாங்க, ரூம் எடுக்க, கேஸ் இணைப்பு மாற்ற என்று நாம் கொடுத்துவிட்டு வந்த ஆதார் ஜெராக்ஸ்கள் தனி.

பெரிய தொகையாக இருந்தால் உடனே கண்ணில் படும். சின்னத் தொகைதான் ஆபத்தானது. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனி, தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும் தன் சிபில் ஸ்கோர் கெட்டுவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். அந்தச் சமயத்தில் ஒரு கடன் ஆப்பில் தங்களுக்கே தெரியாமல் தங்கள் பெயரில் கடன் இருப்பதாகப் பலர் ஸ்கிரீன்ஷாட்டுடன் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நடிகர் ராஜ்குமார் ராவ் தன் பெயரில் 2,500 ரூபாய் கடன் இருப்பதைச் சொல்லி, அதைத் திருத்தும்படி சிபிலிடம் பகிரங்கமாகக் கேட்டார். இரண்டாயிரம் ரூபாய் என்பது சேலத்தில் ஒரு குடும்பம் துணிக்கடைக்குப் போய்வந்தால் ஆகிற செலவு. அதைக் கட்டாததாகப் பதிவான ஒரு வரி, வீட்டுக் கடன் கேட்டு உட்கார்ந்திருப்பவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பப் போதும்.

சிபில் என்ற சொல் இன்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் டீக்கடை வரை வந்துவிட்டது. “சிபில் அடி வாங்கிருச்சு” என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்று இயங்குகிறது. அதோடு ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என்று மொத்தம் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம்தான் நான்குக்கும் அடிப்படை. ஒருவருடைய கடன் வரலாறு நான்கு இடங்களிலும் தனித்தனியாக இருக்கிறது, 300 முதல் 900 வரையிலான ஸ்கோரும் தனித்தனி. ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தவறாக இருக்கலாம். மகளிர் குழுக் கடன்களைத் தேடுகிறவர்கள் சிபிலை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் அதிகம் பார்ப்பது கிரிஃப், ஈக்விஃபாக்ஸ் அறிக்கைகளைத்தான்.

இரண்டு எஸ்எம்எஸ்களுக்கு நடுவில்

2024 ஏப்ரல் 26-க்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26-இல் போட்ட உத்தரவு அன்றுமுதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஏதாவது ஒரு வங்கியோ பைனான்ஸோ உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கடன் தகவல் நிறுவனம் உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நீங்கள் தவணை தவறியதாகக் கடன் கொடுத்தவர் பதிவு செய்தால், அவரும் உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

முதல் எஸ்எம்எஸ், ‘உங்கள் அறிக்கையை இன்ன நிறுவனம் பார்த்தது’ என்று வரும். நீங்கள் எந்தக் கடனுக்கும் விண்ணப்பிக்கவில்லை என்றால், யாரோ இப்போதுதான் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு கவுண்டரில் நிற்கிறார் என்று பொருளாக இருக்கலாம். பணம் இன்னும் போகாமல் இருக்கலாம். ஆப் வழிக் கடன் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வங்கிக் கடனுக்கு ஓரிரு நாள் பிடிக்கும். அந்த எஸ்எம்எஸ்ஸில் பெயர் இருக்கும் நிறுவனத்தை அந்த நேரத்திலேயே அழைத்து, ‘இது நான் போட்ட விண்ணப்பம் இல்லை, நிறுத்துங்கள்’ என்று சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் எழுதினால், கதை அங்கேயே முடிந்துவிட வாய்ப்பு உண்டு. விளம்பரம் என்று நினைத்து அந்தச் செய்தியை அழித்துவிட்டால், அடுத்த தகவல் மூன்று நான்கு மாதம் கழித்து இரண்டாவது எஸ்எம்எஸ்ஸாக வரும். அல்லது வசூல் ஏஜென்ட்டின் குரலாக வரும்: “அண்ணா, டியூ மூணு மாசமா நிக்குது, எப்பக் கட்டுறீங்க?”

இந்த எச்சரிக்கையைப் போலவே போலி எச்சரிக்கைகளும் வருகின்றன. ‘உங்கள் சிபில் குறைந்துவிட்டது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்’ என்று வருவது தூண்டில். வந்தது உண்மையா என்று பார்க்க லிங்க் தேவையே இல்லை. கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தை நாமே டைப் செய்து திறந்து, அறிக்கையைப் பார்த்தால் போதும். எஸ்எம்எஸ் அனுப்பும் பெயரின் கடைசியில் வணிக விளம்பரத்துக்குப் ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, அரசுக்கு ‘ஜி’ என்று ஒரு எழுத்து வர வேண்டும் என்பது 2025-இல் டிராய் கொண்டுவந்த ஏற்பாடு. வங்கிகள் வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் அதே ஆண்டு ஜனவரியில் சொன்னது. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘சிபில் ஆபீஸ்’ என்று பேசுபவரிடம் ஓடிபி சொல்லக் கூடாது.

எல்லாம் திருட்டு அல்ல

அறிக்கையைத் திறந்து பார்த்ததும் தெரியாத கடன் ஒன்று கண்ணில் பட்டால் கைகால் நடுங்கும். ஆனால் அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வட்டாரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஜாமீன் கையெழுத்து. நாமக்கல், சங்ககிரி, ராசிபுரம் என்று லாரித் தொழில் ஓடும் ஊர்களில் பங்காளிக்கும் மச்சானுக்கும் ஜாமீன் போடாதவர்கள் குறைவு. லாரிக் கடனில் ஜாமீன் போட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும், உரிமை என்ற இடத்தில் ‘கேரண்டர்’ என்று இருக்கும். லாரிக்காரர் தவணை தவறினால் அடி இவருக்கும் விழும். பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு பைனான்ஸ் ஆபீஸில் நின்றபடியே போட்ட கையெழுத்தை இன்று மறந்திருப்போம், அறிக்கை மறக்காது.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் போகும், மூன்றாவதில் அப்பா பெயராக விரியும். ஒரே வார்டில் நான்கு எஸ். செந்தில்குமார் இருப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய பிறந்த தேதியோடு ஒரு தலைமுறையே இருக்கிறது, அவற்றில் ஜூன் மாதம் அதிகம். பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் எண், அடையாள எண்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் கடன் தகவல் நிறுவனம் ஒரு கடனை ஒருவர் கணக்கில் சேர்க்கிறது. இவ்வளவு ஒற்றுமை இருக்கும் ஊரில் ஒருவர் கடன் இன்னொருவர் கணக்கில் போய் உட்காருவது நடக்கக்கூடியதே. இதைத் திருத்துவது மோசடியைத் திருத்துவதைவிட எளிது. போலீஸுக்குப் போக வேண்டியதில்லை, தகராறு மனு போதும்.

மூன்றாவது வகை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குழுத் தலைவியிடமோ, மொபைல் தவணைக்கு எடுத்துக் கொடுத்த கடைப் பையனிடமோ கொடுத்த ஆதாரும் ஓடிபியும் இன்னொரு கடனுக்கும் பயன்பட்டிருக்கும். செய்தவர் தெரிந்தவர் என்பதால் வீட்டில் பேசி முடிக்கத்தான் முதலில் தோன்றும். பேசி முடித்தாலும் அறிக்கையில் இருக்கும் வரி தானாக மறையாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அறிக்கையின் கணக்குப் பகுதியும், அதற்குக் கீழே வரும் ‘என்கொயரி’ பகுதியும். யார் யார், எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்கு உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்பது என்கொயரியில் வரிசையாக இருக்கும். பலர் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திருடன் கதவைத் தட்டிய தேதி என்கொயரியில்தான் பதிவாகியிருக்கிறது.

நூறு ரூபாய்க் கெடு

மோசடி என்று உறுதியானால் செய்ய வேண்டியவை ஒன்றுக்கொன்று காத்திருக்கக் கூடாது. கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கணக்கின்மேல் தகராறு மனு போட வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அதே நாளில் கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் பதிந்து, அந்த எண்ணை இரண்டு மனுக்களிலும் சேர்க்க வேண்டும். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. போலீஸ் புகார் எண் இருக்கும் மனுவை, ‘நீங்கள்தான் வாங்கினீர்கள்’ என்ற ஒற்றை வரிப் பதிலில் ஒதுக்குவது கடினம்.

கடன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் கூர்மையாக இருக்க வேண்டும். விண்ணப்பம் வந்த மொபைல் எண் எது? சரிபார்ப்புக்கு எடுத்த படம் எங்கே? பணம் எந்த வங்கிக் கணக்கில் போட்டீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். டிஜிட்டல் கடனைப் பொதுவாகக் கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி செய்திருக்கிறது. பணம் போன கணக்கு உங்களுடையது இல்லை என்று காட்டிவிட்டால், ‘நான் வாங்கவில்லை’ என்று நிரூபிக்க வேண்டிய சுமை பெருமளவு அந்தப் பக்கம் போய்விடுகிறது. கேட்காமல் வந்த கிரெடிட் கார்டு என்றால் பாதுகாப்பு இன்னும் அதிகம். 2022-இன் கிரெடிட் கார்டு விதிகளின்படி, சம்மதம் இல்லாமல் கொடுத்த கார்டுக்குக் கட்டணம் போட்டால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல் இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும்.

‘இரண்டாயிரம்தானே, கட்டித் தொலைத்துவிடலாம்’ என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். கட்டக் கூடாது. கட்டினால் அந்தக் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று ஏறும். அடுத்த வங்கி மேனேஜர் அந்தச் சொல்லை, கடனை முழுசாகக் கட்டாதவர் என்றுதான் படிப்பார்.

மனு போட்ட தேதியிலிருந்து கெடு ஓடத் தொடங்குகிறது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள், கடன் தகவல் நிறுவனத்தையும் சேர்த்து மொத்தம் 30 நாள். அதற்குள் முடிக்காவிட்டால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தகராறு முடிந்து ஐந்து வேலை நாட்களுக்குள் அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். தினம் 100 ரூபாய் என்பது ஒரு வங்கிக்குப் பெரிய தொகை இல்லைதான். ஆனால் தாமதம் யார்மேல் என்பதற்கு அது எழுத்தில் பதிவாகும் சாட்சி. இந்த விதி இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் நடையாய் நடப்பவர்கள் இருக்கிறார்கள். மனுவின் கடைசி வரியில் இந்தக் கெடுவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

முப்பது நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வழி தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். முன்பு வங்கி, பைனான்ஸ் போன்ற நிறுவனங்களின்மேல்தான் அங்கே புகார் சொல்ல முடிந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அதற்குள் வந்துவிட்டன.

அந்த நிறுவனங்களே விதியை மீறியதற்கும் பதிவு இருக்கிறது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி நான்கு நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் அபராதம் போட்டது. சிபிலுக்கு 26 லட்சம், கிரிஃபுக்கு 25.75 லட்சம், எக்ஸ்பீரியனுக்கு 24.75 லட்சம், ஈக்விஃபாக்ஸுக்கு 24.25 லட்சம். 2024 டிசம்பரில் சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் மக்களவையில் பேசும்போது, ஒரு தனியார் நிறுவனம் போடும் மதிப்பெண்ணில் நம் எல்லாருடைய கடனும் தொங்குகிறது, அதைத் திருத்த வழி தெளிவாக இல்லை என்ற பொருளில் கேள்வி எழுப்பினார். கட்சி எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஏனென்றால் இந்த அறிக்கை இப்போது கடனோடு நிற்பதில்லை. பொதுத்துறை வங்கி ஒன்றின் அதிகாரிப் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய சிபில் அறிக்கையைக் காரணம் காட்டி 2021-இல் ரத்தானது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்து சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. அவருடைய விஷயத்தில் கடன் அவருடையதேதான், மோசடி இல்லை. ஆனாலும் அறிக்கையின் வரிகள் வேலையை முடிவு செய்யும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அந்தத் தீர்ப்பு அத்தாட்சி. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையன், பெண் இருக்கும் வீடுகள் தேர்வு முடிவுக்கு முன்பே பிள்ளைகளின் அறிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது.

பூட்டும் உரிமை எங்கே?

அமெரிக்காவில் 2017-இல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின. அதே பெயர் கொண்ட குழுமம்தான் இந்தியாவிலும் நம் கணக்கை வைத்திருக்கிறது. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு, 2018 செப்டம்பர் 21 முதல் அங்கே யார் வேண்டுமானாலும் தன் கடன் அறிக்கையைக் காசில்லாமல் பூட்டிவைக்கலாம் என்று சட்டம் வந்தது. பூட்டியிருக்கும்வரை புதிதாகக் கடன் கொடுக்க வரும் நிறுவனத்துக்கு அறிக்கை திறக்காது, திறக்காவிட்டால் பெரும்பாலும் கடனும் கிடைக்காது. தனக்கு வேண்டும்போது அவரே திறந்துகொள்வார். பூட்ட விரும்பாதவர்கள் ஓராண்டுக்கு ‘மோசடி எச்சரிக்கை’ ஒட்டிவைக்கலாம். அதைப் பார்க்கும் கடன் கொடுப்பவர், வந்திருப்பவர் அவர்தானா என்று கூடுதலாக உறுதி செய்துகொள்ளக் கடமைப்பட்டவர்.

இந்தியாவின் 2005 சட்டம் தவறைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. பூட்டும் உரிமையைத் தரவில்லை. ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியை அரசே நமக்குக் கொடுத்திருக்கிறது, கோடிக்கணக்கானவர்களின் விரல் ரேகையைப் பூட்டித் திறக்க முடிகிற நாட்டில் கடன் அறிக்கையைப் பூட்ட முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்க முடியாது. வாசலில் எண்ணை எழுதச் சொல்லும் அரசு, அந்த எண்ணுக்கு ஒரு பூட்டையும் கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி கட்டும் சிறு வியாபாரிகள் நிறைந்த சேலம், நாமக்கல் மாவட்டங்களின் எம்.பி.க்களும் வணிகர் சங்கங்களும் இதைக் கோரிக்கையாக எடுத்தால், அது இந்த ஊருக்கு மட்டுமான கோரிக்கையாக இருக்காது.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். 2017 ஜனவரி முதல் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்துக்கொண்டால், செலவில்லாமல் வருஷம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம். சந்தாக் கட்டும் திட்டங்களை அந்தத் தளங்கள் முன்னால் நீட்டும், இலவச அறிக்கையின் பொத்தானைக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, எச்சரிக்கை எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். கடன் வாங்கியபோது கொடுத்த பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால், கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்க டெலிகாம் நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. உங்கள் பெயரில் யாரோ கடன் கேட்கும் செய்தி அந்த முகம் தெரியாதவரின் போனில் ஒலித்துக்கொண்டிருக்கும். இந்த வாரம் உங்கள் வங்கியிலும் நான்கு தளங்களிலும் இருக்கும் எண்ணைச் சரிபார்த்து, பழையது என்றால் மாற்றிவிடுங்கள். வீட்டில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ குழுக் கடன் இருந்தால், அவர்கள் பெயரில் இருப்பது யாருடைய எண் என்பதையும் பாருங்கள்.